சொல்லாமல் வைத்திருந்த மூன்று முட்டைகள்

கலாவதி வென்றவற்றைச் சொல்லத் தொடங்கினால் முதலில் அகதி விண்ணப்பத்தைச் சொல்லவேண்டும். இரண்டு தடவை மறுத்தார்கள். மூன்றாம் தடவை வென்றாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரோடும் வெளியேறியபோது பள்ளிக்கூடம் நின்றுபோனவள், நாற்பது வயதில் லண்டனில், டூட்டிங்கில், மாலை வகுப்புக்குப் போய், தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து ஆங்கிலச் சான்றிதழ் வாங்கினாள். கார் ஓட்டும் சோதனையில் நான்காம் முறை தேறினாள். வைத்தியசாலைத் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்று வீங்கிய கால்களோடு, பட்டம் படித்த இளம் பிள்ளைகள் போட்டிக்கு வந்த ஒரு வேலையின் நேர்முகத்துக்குப் போய், அதையும் வென்றாள். அண்ணன் கொண்டுவந்த மாப்பிள்ளைகள் மூவரையும் வேண்டாமென்றாள். அதிலும் அவள்தான் வென்றாள்.

அந்த வேலை தெற்கு லண்டனில் ஒரு சிறிய பறவைப் பூங்காவில். அண்ணன் ஞானேஸ்வரன் வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். முருங்கைக்காய் வாங்க வருகிற ஆளுக்கும் தங்கையைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார்.

"தங்கச்சி பறவையளுக்குப் பொறுப்பான ஒஃபிசர்."

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலாவதி அங்கே போவாள். அன்று யாராவது வாடிக்கையாளர் "ஓ, இவவோ அந்த ஒஃபிசர்?" என்று கேட்டுவிட்டால் அவளுக்கு முகம் சிவந்துவிடும்.

"அண்ணை, நான் கூடு கழுவுற ஆள். சனத்துக்குப் பொய் சொல்லாதேங்கோ."

"கூட்டுக்குள்ள ஆர் இருக்கினம்? பறவையள். அவையைப் பாக்கிறது ஆர்? நீ. பிறகென்ன?"

அண்ணி நாகேஸ்வரி காசு மேசையில் இருந்தபடியே தலையை நிமிர்த்தாமல் சொல்வாள். "இவர் என்னையும் முந்தி டொக்டர் எண்டுதான் சொல்லித் திரிஞ்சவர். நான் மருந்துக்கடையில பெட்டி அடுக்கினனான்."

அந்த ஒரு ஞாயிறு கழிந்தால் மிச்ச நாட்களில் அவளோடு இப்படிக் கதைக்க ஆளில்லை. டூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தாள். கீழே இருந்த குடும்பம் நல்ல குடும்பம்தான். படிக்கட்டில் கண்டால் சிரிப்பார்கள், கதவைத் திறந்து பிடிப்பார்கள், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எப்போதும் மிஞ்சும். அண்ணன் வீட்டுக்குப் போகாத வார இறுதிகளில் ஒரு வார்த்தை பேசாமலே இரண்டு நாளும் போய்விடும். திங்கட்கிழமை காலை பூங்காவில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால் முதலில் காற்றுத்தான் வரும்.

அவளுடைய பொறுப்பில் இருந்தது, எல்லோரும் சூட்டு வீடு என்று சொல்கிற கட்டடத்தின் ஒரு பகுதி. வெளியே சட்டைக்கு மேல் சட்டை போட்டு நடுங்கினாலும் உள்ளே மழைக்காட்டு வெக்கை. குழாய்களில் இருந்து புகைபோல நீர் தூவிக்கொண்டே இருக்கும். உள்ளே நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி பூத்துப்போகும். அது தெளியும்வரை கதவடியில் நின்றுகொண்டு, பறவைகளைக் காதால்தான் தேடுவாள்.

முதலில் கேட்பது சோலைபாடியின் குரலாக இருக்கும். சோலைபாடிகளில் பல வகை உண்டு. இங்கே இருந்த வகை, சுமத்திராவுக்கு மேற்கே கடலில் தள்ளிக் கிடக்கும் சில தீவுகளின் காடுகளில் மட்டும் வாழ்வது. கையளவுப் பறவை. பளபளக்கும் கறுப்பு முதுகு, செம்பழுப்பு வயிறு, உடம்பைவிட நீளமான வால். நன்றாகப் பாடும் என்பதே அதற்கு வினையாகிவிட்டது. பாட்டுக்காகப் பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்றதில் காடுகள் வெறுமையாகிக்கொண்டு வந்தன. அதனால்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாக இப்படிப்பட்ட பூங்காக்களில் சோடி சேர்த்துப் பெருக்கப் பார்க்கிறார்கள்.

கேட்ட சத்தத்தையெல்லாம் திருப்பிச் சொல்லும் பழக்கமும் அதற்கு இருந்தது. அவளுடைய தள்ளுவண்டிச் சில்லின் கிறீச்சொலியைப் பாட்டுக்கு நடுவில் செருகி வைத்திருந்தது. எண்ணெய் போட்டுச் சில்லின் சத்தம் நின்ற பிறகும் அது விடவில்லை.

ஆணும் பெண்ணும் இரண்டு பருவம் ஒன்றாக இருந்தும் கூடு கட்டவில்லை. நாள் முடிவில் பொறுப்பாளர் ஹெலன் உதவியாளர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, அன்றைய பதிவைத் தானே எழுதித் தானே ஒப்பமிடுவார். கலாவதி வாயால் சொல்வாள், ஹெலன் எழுதுவார். கடைசிக் கேள்வி எப்போதும் சோலைபாடியின் கூட்டுப் பெட்டியைப் பற்றியதாக இருக்கும். பெட்டிக்குள் பார்க்கும் சிறு கமரா பழுதாகி, மாற்றுக் கமரா வரக் காத்திருந்த காலம் அது. ஆகவே கலாவதி சொல்வதுதான் பதிவு.

மே மாதத்து நடுவில் ஒரு காலை, பெண் பறவை பெட்டியின் துளையால் வெளியே வந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போன நேரம் பார்த்து, கலாவதி ஏணியில் ஏறி, பிடிவைத்த சிறு கண்ணாடியைத் துளைக்குள் பிடித்தாள். காய்ந்த இலைகளுக்கு மேல் மூன்று முட்டைகள். பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில், மண்ணிறப் புள்ளிகளோடு.

ஏணியை விட்டு இறங்கினாள். தண்ணீர் வாளியை எடுத்தாள், வைத்தாள், திரும்பவும் எடுத்தாள். யாரையாவது பிடித்து உலுப்பிச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

மாலையில் ஹெலன் கேட்டார். "பெட்டி?"

"ஒன்றுமில்லை" என்றாள்.

அந்தப் பதில் யோசித்து வந்ததல்ல. ஆனால் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். இரண்டாயிரத்து எட்டில், கிளிநொச்சியில், கலியாணமாகி மூன்றாம் வருடம் அவளுக்குப் பிள்ளை தங்கியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சந்தோசத்தில் அக்கம்பக்கம் முழுவதும் சொன்னாள், பயற்றம் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். அடுத்த மாதம் அது இல்லாமல் போனது. வெளியே சொன்னதால் நாவூறு பட்டுவிட்டது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று மாமியார் சொன்னார். அடுத்த வருடம், போரின் கடைசி மாதங்களில், கணவரும் இல்லாமல் போனார். அவர் போனதற்கு யாருடைய நாவையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைப் பற்றிய அந்த ஒரு வசனம் அவளுக்குள் கிடந்தது. கேட்டால், அதெல்லாம் நம்பிக்கையில்லை என்றுதான் சொல்வாள். நம்பாதவள்தான் ஹெலனிடம் ஒன்றுமில்லை என்றாள்.

பொரிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். நம்மவர்களில் யாரும் முதல் நாளே ஊரைக் கூட்டிச் சொல்வதில்லைத்தானே? மறுநாளும் ஒன்றுமில்லை என்றாள். அதற்கு மறுநாளும். சொல்லச் சொல்ல அது இலகுவாகவில்லை. ஒவ்வொரு மாலையும் ஹெலன் பேனையைத் திறக்கும்போது அவள் தரையைப் பார்த்தாள். ஆனாலும் காலையில் ஆண் பறவை புழுவை அலகில் கவ்விக்கொண்டு பெட்டித் துளைக்குப் போவதைக் கண்டால் எல்லாம் மறந்துபோகும். உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த சந்தோசம் அது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவளுக்கென்று ஒன்று.

அடுத்த திங்கட்கிழமை ஹெலன் அவளைக் கூப்பிட்டு, இந்தச் சோடி சேரப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள் என்றார். வடக்கில் இன்னொரு பூங்காவில் ஒரு பெண் பறவை தனியாக இருக்கிறது. புதன்கிழமை காலை ஆணைப் பிடித்து அங்கே அனுப்புகிறோம். "இங்கே முட்டை இருந்திருந்தால் வேறு கதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலாவதி அந்த இடத்திலேயே நின்றாள். வலையோடு உள்ளே போனால் பெண் வெருண்டு முட்டையை விட்டு ஓடிவிடும். ஓடாவிட்டாலும், பொரித்த குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்துதான் இரை தீத்தவேண்டும். தாய் ஒன்று தனியே என்ன செய்யும்? சொன்னால் இவ்வளவு நாளும் மறைத்ததற்கு வேலை போகும். சொல்லாவிட்டால் முட்டைகள் போகும்.

அன்று மாலை அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, ஒரு பிழை விட்டிட்டன்."

"என்ன, காரை இடிச்சுப்போட்டியோ?"

"இல்லை. பறவை முட்டை இட்டிருக்கு."

"அது பறவை விட்ட பிழையெல்லோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. நான் முட்டை இல்லையெண்டு சொல்லிப்போட்டன். அதை நம்பி இப்ப ஆணைக் கொண்டுபோகப் போகினம்."

"ஏனடி அப்பிடிச் சொன்னனீ?"

அந்தப் பக்கம் கடைக் கதவு மணி அடித்தது. யாரோ கறிவேப்பிலை கேட்டார்கள். அண்ணன் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பிள்ளையின் பேச்சை இத்தனை வருடத்தில் அண்ணனும் தங்கையும் ஒருநாளும் எடுத்ததில்லை. அன்றும் எடுக்கவில்லை.

"சரி, கேள்" என்றார், குரலைத் தாழ்த்தி. "நீ இப்ப வாய் திறக்காதை. அவை கொண்டுபோகட்டும். பிறகு, இண்டைக்குத்தான் முட்டையைக் கண்டனான் எண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"தகப்பன் இல்லாட்டி அதுகள் தப்பாது."

"நீ இருக்கிறாய்தானே? தீத்திவிடு."

"அது விடியத் தொடங்கி இருட்டும்வரைக்கும் தீத்தவேணும் அண்ணை. என்னால ஏலாது. ஆராலயும் ஏலாது."

"அதுக்காக வேலையை விடப்போறியோ? எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த வேலை! திரும்பவும் அந்த லோண்டரிக்கோ போகப்போறாய்? நான் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"கூடு கழுவினவள் எண்டு சொல்லுங்கோ" என்று போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை வைத்தது அதுவே முதல் தடவை. பிறகு அவர் இரண்டு முறை எடுத்தார். அவள் எடுக்கவில்லை. சோறு ஆறிப்போய் இருந்தது. கீழே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏதோ பகிடிக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலாவதி கதவைச் சாத்தினாள்.

செவ்வாய் முழுவதும் சொல்ல முடியவில்லை. ஹெலன் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார் என்பது ஒரு சாட்டு. நாலு மணிக்கு அவர் திரும்பி வந்தார். ஐந்து மணிக்கு, அப்போதும் சொல்லாமலே, அவள் வேலை முடித்துப் போனாள்.

புதன்கிழமை காலை பத்மநாதன் தன் வான் வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு வந்து சூட்டு வீட்டு வாசலில் நிறுத்தினான். பூங்காவின் சாரதி. சுவிஸில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவன். பறவைகளைக் கொண்டுபோகும் மரப்பெட்டியையும் கைவலையையும் இறக்கினான்.

"சுவிஸில எண்டா இந்தப் பெட்டிக்கு ஜன்னலும் வைச்சு, சீட் பெல்ட்டும் போட்டுத்தான் விடுவினம் அக்கா."

உள்ளே இருந்து, வான் பின்னுக்கு வரும்போது எழுப்பும் 'பீப், பீப்' ஒலி கேட்டது. வான் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

"பாத்தீங்களோ, உவர் என்ர வானை நக்கலடிக்கிறார். வாரும் ராசா, லோங் டிரைவ் போவம்."

கலாவதி கதவின் குறுக்கே நின்றாள். "தம்பி, வலையை உள்ளுக்குக் கொண்டுபோகாதேயும்."

"ஏன், ராகுகாலமோ? புதனுக்கு மத்தியானமெல்லோ?"

"கூட்டுப் பெட்டிக்குள்ள முட்டை கிடக்குது. மூண்டு."

சொன்ன பிறகுதான் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்தினாள்.

பத்மநாதன் வலையைக் கீழே வைத்தான். "ஹெலனுக்குத் தெரியுமோ?"

"இல்லை. நான் இல்லையெண்டு சொன்னனான். ஒவ்வொரு நாளும்."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். "நாவூறு எண்டோ?"

"ஓம்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. "என்ர மனுசியும் ஏழாம் மாசம் வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. வீடியோக் கோலில கழுத்துக்கு மேலதான் காட்டவேணும் எண்டு எனக்கு ஓடர்." பிறகு கொஞ்சம் நின்று சொன்னான். "ஆனா அக்கா, அவ என்னட்டச் சொன்னவ."

கலாவதிக்கு அப்படிச் சொல்ல யார் இருந்தார்கள்?

"வான் ஸ்டார்ட் ஆகுதில்லை எண்டு நான் ஒரு கதை விடட்டோ?" என்றான் பத்மநாதன். "நாளை வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள நீங்கள் இண்டைக்குத்தான் கண்டனான் எண்டு சொல்லலாம்."

"வேண்டாம் தம்பி. நான் சொன்ன பொய் காணும்."

ஹெலனின் அறைக் கதவைத் தட்டும்போது கலாவதிக்கு ஆங்கிலம் எல்லாம் மறந்துபோயிருந்தது. முட்டை, மூன்று, போன கிழமையே கண்டேன், மறைத்தேன் என்று துண்டு துண்டாகச் சொன்னாள். ஹெலன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது என்று தோன்றியது. எழுந்து, வடக்குப் பூங்காவுக்குப் போன் எடுத்து, ஆண் பறவை இன்றைக்கு வராது என்றார். போனை வைத்துவிட்டு நாட்பதிவைத் திறந்து, போன கிழமைப் பக்கங்களைப் புரட்டினார்.

"ஒவ்வொரு நாளும் கேட்டேனே. உனக்கு என்னிடம் பயமா?"

"உங்களிடம் இல்லை" என்றாள் கலாவதி. "என் வாய்க்குப் பயம்."

நாவூறை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த அவளுக்குத் தெரியவில்லை. தனக்கு ஒரு பிள்ளை தங்கியதையும், அதைச் சொன்னதையும், பிறகு அது இல்லாமல் போனதையும் சொன்னாள். லண்டனுக்கு வந்தபிறகு அதை ஒருவருக்குச் சொன்னது அன்றுதான். ஹெலன் அவளுடைய கையைப் பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஆனால் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, விளங்குகிறது, இருந்தாலும் நான் பொய்யை எழுதி என் ஒப்பத்தைப் போட்டிருக்கிறேன் என்றார்.

வேலை போகவில்லை. சூட்டு வீட்டுக்குள் போகக்கூடாது என்றார்கள். இரை தயாரிக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

ஜன்னலில்லாத அறை அது. காலை முழுவதும் பப்பாசியை வெட்டுவதும், முட்டையை அவித்து மசிப்பதும், வெட்டுக்கிளிகளைப் பெரிது சிறிதாகப் பிரிப்பதும்தான் வேலை. சூட்டு வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரைப் பெட்டி எடுக்க வந்த பத்மநாதன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். "நான் ஒண்டும் சொல்லமாட்டன் அக்கா. பிறகு என்ர நாக்கில பழி." பகிடிக்குத்தான் சொன்னான். அன்று முழுவதும் அது அவளை அறுத்தது.

ஒருநாள் காலை சூட்டு வீட்டுத் தட்டுக்கு, இருக்கிறதிலேயே பொடிப் புழுவாகக் கேட்டார்கள். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பொரித்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு காலையும் அந்தத் தட்டைத்தான் முதலில் செய்தாள். எவ்வளவு கேட்கிறார்கள், கூட்டிக் கேட்கிறார்களா குறைத்துக் கேட்கிறார்களா என்று பார்த்தாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ குறைத்துக் கேட்டார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கினாள்.

அண்ணன் கிழமைக்கு இரண்டு முறை போன் எடுத்தார். ஒருமுறை மட்டும், "நான் சொன்னதைக் கேக்காமல் விட்டது நல்லதுதான்" என்றார். பிறகு உடனே, அண்ணி அனுப்பிய மிளகாய்த்தூள் கிடைத்ததா என்று கேட்டார்.

பிறகு ஒரு புதன்கிழமை, இரை அறை வாசலில் ஹெலன் வந்து நின்றார். கலாவதி கையைத் துடைத்தாள். மூன்று முட்டையில் ஒன்று கூமுட்டை என்றார் ஹெலன். இரண்டு பொரித்தன. ஒன்று ஐந்தாம் நாள் இறந்துபோனது. மற்றது நேற்றுப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது.

"நான் சொன்னதாலா?" என்று கலாவதி கேட்டுவிட்டாள்.

"பிந்திப் பொரித்த குஞ்சு. பலவீனமானது. நடப்பதுதான்."

கலாவதி அதை நம்பினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ஹெலன் கதவைத் திறந்து பிடித்தார். சூட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகலாம், ஆனால் இனி அவளுக்காகத் தான் எழுதப்போவதில்லை என்றார். "கண்டதை நீயே எழுது. நீயே ஒப்பமிடு. பொய் என்றால் உன் பெயருக்குக் கீழே இருக்கட்டும்."

அது தண்டனையா வேறேதாவதா என்று யோசிக்க அவள் நிற்கவில்லை.

தாழ்ந்த கொப்பு ஒன்றில் குஞ்சு உட்கார்ந்திருந்தது. வால் இன்னும் முளைக்கவில்லை. உடம்பெல்லாம் புள்ளி. வாயை ஆவென்று பிளந்து கத்திக்கொண்டிருந்தது. தகப்பன் புழுவோடு வந்து தீத்திவிட்டு உடனே போனது, திரும்ப வந்தது. வடக்கில் தனியாக இருக்கும் பெண்ணுக்காக இலையுதிர் காலத்தில் அந்த ஆணைக் கொண்டுபோவார்கள். குஞ்சு வளர்ந்ததும் அதற்கும் ஒரு பெட்டி வரும். தாய்ப் பறவையும் கலாவதியும் மிஞ்சுவார்கள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். பக்கத்தில் யாருமில்லை. நீர்த்தூவியின் ஓசை மட்டும் கேட்டது.

நாட்பதிவு கதவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. அவள் நின்றபடியே எழுதினாள். ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் தனித்தனியாக, பெரிதாக, ஒரு சொல்லை வெட்டாமல் எழுதினாள். சோலைபாடிக் குஞ்சு ஒன்று. உயிரோடு இருக்கிறது. தகப்பன் தீத்துகிறது. எழுதியதை வாசித்துப் பார்த்தாள். பிறகு கீழே, சுருக்காமல், தன் முழுப் பெயரையும் எழுதி ஒப்பமிட்டாள்.

பறவைகளின் பதிவில் கலாவதி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2023 யூன் 14, புதன்கிழமை.